தொரை ஓட்டின வண்டி

"வண்டி ஒண்ணு பாக்கணும், வாங்கண்ணே" என்று யாராவது வாசலில் வந்து நின்றால் என் மனைவி பிலோமினா எதுவும் கேட்க மாட்டாள். என் பழைய காக்கிக் காற்சட்டையை எடுத்துக் கட்டிலில் போட்டுவிடுவாள். நான் வண்டிக்கு அடியில் படுக்கிற ஆள் என்று அவளுக்குத் தெரியும். வாங்கப் போகிறவர்களோ மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள்.

கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக் கராஜில் முப்பத்தெட்டு வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். மெக்கானிக்கை இங்கே பாஸ் என்பார்கள், அருளப்பன் பாஸ் என்று கேட்டால் பஸ் கண்டக்டரே இறக்கிவிடுவான். இப்போது என் உத்தியோகம், பழைய சின்ன லொறி வாங்குகிறவர்களோடு போய்ப் பார்த்துச் சொல்வது. கூலி ஒரு பிளேன்டீயும் பணிஸ் என்கிற ஒரு பன்னும். சொன்னதைக் கேட்டார்கள் என்றால் அதுவே போதும். கேட்பதில்லை, அதுதான் சங்கடம்.

வெளிநாட்டு வாகனம் வருவதை அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்த வருஷங்களில் பழசுக்கு வந்த மவுசு இன்னும் இறங்கவில்லை. அதிலும் சின்னப் பிக்கப் என்றால் அடிதடி. தேயிலை மலையில் சம்பளம் கட்டுப்படியாகாமல் ஆளாளுக்கு ஒரு துண்டு நிலத்தில் லீக்ஸும் கேரட்டும் போடுகிறார்கள். விளைந்ததை டவுனுக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும். ஆகவே வண்டி பார்க்கப் போகிறார்கள். ஆறு பேராகப் போகிறார்கள். ஒருவர் நம்பரைக் கூட்டிப் பார்த்து எட்டு வருகிறது, சனி என்பார். ஒருவர் நிறம் ராசிக்கு ஒத்து வருமா என்பார். ஒருவர் உள்ளே ஏறிப் பாட்டுப் பெட்டியைத் திருகுவார். ஆறாவது ஆள் போனில் ஏதோ வீடியோ பார்த்து வந்து, டயரைக் காலால் உதைப்பார். எதற்கு உதைக்கிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். எல்லாரும் உதைக்கிறாங்களே என்றார்.

விற்கிறவனும் சளைத்தவன் இல்லை. நாம் போவதற்கு அரை மணி முந்தி எஞ்சினைச் சூடாக்கி வைத்திருப்பான். வண்டியை எப்போதும் இறக்கத்தைப் பார்த்து நிறுத்தியிருப்பான். பெட்டரி செத்திருந்தாலும் தள்ளிவிட்டால் ஸ்டார்ட் ஆகிவிடும் அல்லவா. டீசல் எவ்வளவு குடிக்கும் என்று கேட்டால், "குடிக்கவே குடிக்காதுண்ணே, மோந்து பாத்தாலே ஓடும்" என்பான்.

இவை எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம். எங்கள் மலையில் சமாளிக்க முடியாத வசனம் ஒன்று உண்டு. "இது தொரை ஓட்டின வண்டிங்க."

அதைச் சொன்னவுடன் ஆறு பேரின் குரலும் இறங்கிவிடும். வியாபாரி ஓட்டியது என்றால் பேரம் பேசுவார்கள். நம்ம ஆள் ஓட்டியது என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். தோட்டத்தை நிர்வாகம் செய்கிற தொரை ஓட்டியது என்றால் பேரம் பேசுவதே மரியாதைக் குறைவு மாதிரி நடந்துகொள்வார்கள். இவர்களுடைய தாத்தாமார் தொரையின் கார் வந்தால் ரோட்டை விட்டு இறங்கிச் சாக்கடைக் கானுக்குள் நின்றவர்கள். பேரப்பிள்ளைகள் அதே காரைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். நான் பார்க்கப் போன வண்டிகளில் பாதி தொரை வண்டிகள். அவை எல்லாம் உண்மை என்றால் இந்த மாவட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர்களைவிடத் தொரைமார்தான் அதிகம் இருந்திருக்க வேண்டும்.

தொரைமார் எப்படி ஓட்டுவார்கள் என்று என்னைக் கேளுங்கள். கிளச்சில் வைத்த காலை எடுக்க மாட்டார்கள். ஏற்றத்தில் கியர் மாற்றுவதைக் கௌரவக் குறைவாக நினைப்பார்கள். பின் சீட்டில் நாய் இருக்கும். காலையில் டிரைவர் வெளியே பளபளவென்று துடைத்து வைப்பார், உள்ளே எண்ணெய் கருந்தேயிலைச் சாயமாக இருக்கும். சர்வீஸுக்கு நேரமாகிவிட்டது சார் என்று சொன்னால், அடுத்த மாசம் பார்க்கலாம் என்று ஏறிப் போய்விடுவார்கள். அடுத்த மாசம் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிவிடுவார்கள்.

நான் வேலை பழகிய கதை பெரிதாக ஒன்றும் இல்லை. ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன், திட்டு வாங்கினேன், கிரீஸ் தின்றேன், கல்யாணம் செய்துகொண்டேன். ஆனால் எனக்கு மேலே இருந்த பியதாச பாஸைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் மனுசன் இல்லை.

பியதாச பாஸ் வெலிமடைப் பக்கத்துச் சிங்களவர். எங்கள் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். ஆனால் கட்டளை போடும்போது மட்டும் சிங்களம் வந்துவிடும். மனுசன் ஒரு வண்டியைப் பார்க்கிற விதமே தனி. நேரே போய் எஞ்சின் மூடியில் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் கல்லில் உட்கார்ந்து டீ கேட்பார். ஆறும் வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். நுவரெலியாக் குளிரில் ஆறிய எஞ்சின் முதல் திருகலில் பிடித்தால்தான் அவர் கணக்கில் அது எஞ்சின். பிறகு எண்ணெய் மூடியைக் கழற்றி உள்பக்கம் விரலால் வழித்துப் பார்ப்பார். பால் ஆடை மாதிரி வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, எழுந்து நடக்க வேண்டியதுதான். கரி படிகிறதா என்று சைலன்சர் வாயில் வெள்ளைத் துணியைப் பிடிப்பார். மீட்டரைப் பார்க்கவே மாட்டார். பிரேக் மிதியின் ரப்பரைத் தடவிப் பார்த்து, எவ்வளவு ஓடியிருக்கும் என்று சொல்லிவிடுவார். ஹட்டன் கடையில் அன்றைக்கே சாமான் கிடைக்காத வண்டி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம் என்பது அவருடைய இன்னொரு பிடிவாதம். புதுப் பெயிண்டைக் கண்டால் சந்தேகப்படுவார். அடியில் புதுத் தார் பூசியிருந்தால் கெட்ட வார்த்தை பேசுவார்.

இதெல்லாம் வண்டி வாங்குவதற்கு. திருத்திய வண்டிக்கு அவரிடம் ஒரே ஒரு சோதனைதான். கராஜிலிருந்து ஆற்றுப் பாலம் வரைக்கும் ஏழு வளைவு, நல்ல இறக்கம். எவன் திருத்தினானோ அவன் வண்டியின் பின்னால் ஏறி நிற்க வேண்டும். பியதாச பாஸ் ஓட்டுவார். ஏழு வளைவும் இறங்கி, சுமையோடு ஏறி வர வேண்டும். திருத்தியவன் வேலை முடிந்தது என்று கையைத் துடைத்தவுடன் அவர் சொல்கிற ஒரே வார்த்தை, "நகிபங்." ஏறுடா என்பதற்குச் சிங்களம். மரியாதையான சிங்களமும் இல்லை.

ஒரு தடவை கொழுந்து லொறிக்கு நான் பிரேக் மாற்றினேன். அவசர வேலை. மலைக்குப் போக வேண்டிய பெண்கள் நாற்பது பேர் கூடையோடு, காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்களத்தில் நின்றார்கள். தொரை கைக்கடிகாரத்தைக் காட்டிக் கத்துகிறார், ஏறுங்கள், ஏறுங்கள் என்று. ஒருத்தியும் ஏறவில்லை. பியதாச பாஸ் என்னைப் பார்த்து, "நகிபங்" என்றார். நான் ஒரு நட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கிவிட்டு வருகிறேன் என்றேன். "அப்ப ஏன் முடிஞ்சதுன்னு சொன்ன?" என்று மட்டும் கேட்டார். இறுக்கிவிட்டு ஏறினேன். ஏழு வளைவு இறங்கி ஏறி வந்தோம். அதற்குப் பிறகுதான் பெண்கள் ஏறினார்கள். தொரை கத்தியதற்கு ஏறாதவர்கள், நான் ஏறியதைப் பார்த்து ஏறினார்கள். அன்றிலிருந்து நகிபங் என்ற வார்த்தை மலை முழுக்கப் பரவிவிட்டது. புது மருமகள் வைத்த குழம்பைக்கூட, "நீ மொதல்ல நகிபங்" என்று அவளையே சாப்பிடச் சொல்லிக் கேலி செய்வார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சரோஜா எங்கள் மேல் லயத்து வரிசை வீட்டுப் பெண். இருபத்தாறு வருஷம் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவள், புருஷன் இல்லை. எங்கள் தோட்டத்தில் மரக்கறி போடுகிற முப்பது வீட்டுக்கும் ஒரே ஒரு லொறிக்காரன்தான். அவன் வந்தால் வருவான், வராவிட்டால் லீக்ஸ் வாசலிலேயே அழுகும். இரண்டு தடவை அழுகியதைப் பார்த்துவிட்டு, ஓய்வில் கிடைத்த சேமலாப நிதிப் பணத்தில் ஒரு வண்டி எடுத்து நானே ஏற்றுகிறேன் என்று கிளம்பிவிட்டாள். பிள்ளைகள் எல்லாம் வேண்டாம் என்றார்கள். அந்தப் பணம் போனால் அவளுக்கு வேறு பணம் கிடையாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவளுடைய அண்ணன் யோகநாதன் துணைக்கு வந்தான். டவுனில் கடை வைத்திருக்கிறவன். கையில் தீப்பெட்டி அளவில் ஒரு சாமான். வண்டியில் சொருகினால் நோய் எல்லாம் போனில் வருமாம்.

"இனி ஒங்களுக்கு ரெஸ்ட்டுண்ணே. இது எல்லாத்தையும் சொல்லிரும்" என்றான்.

"அப்ப என்னைய எதுக்குக் கூப்ட்ட?"

"தங்கச்சி அழுத்திச் சொன்னிச்சு" என்றான்.

உடப்புசல்லாவையில் ஒரு பேக்கரி முதலாளியின் வீட்டுக்குப் போனோம். முற்றத்தில் நின்றது வெள்ளைச் சின்னப் பிக்கப். இறக்கத்தைப் பார்த்து நிற்கவில்லை, அதுவே அதிசயம். மூடியில் கையை வைத்தேன், சில்லென்று இருந்தது. முதல் திருகலில் பிடித்தது. எண்ணெய் சுத்தம். புகை இல்லை. யோகநாதன் தன் சாமானைச் சொருக இடம் தேடினான். இந்த வண்டி செய்த காலத்தில் அப்படி ஒரு ஓட்டையே வைக்கவில்லை. கொஞ்ச நேரம் தேடிவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

முதலாளி நல்ல சிரித்த முகக்காரர். அந்த வசனத்தைக் கடைசிக்கு வைத்திருந்தார். "பாணும் பணிஸும் தவிர ஒண்ணும் ஏத்துனதில்லைங்க. அதுக்கு முந்தி கந்தப்பளப் பக்கம் ஒரு தொரை ஓட்டின வண்டி."

யோகநாதன் செருப்பைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றான். எந்தத் தோட்டம் என்று கேட்டேன். எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொன்னார்.

காக்கிக் காற்சட்டையோடு அடியில் படுத்தேன். டிரைவர் பெட்டிக்குப் பின்னால், வண்டியைத் தாங்குகிற செசிச் சட்டத்தில், இடது பக்கம் கெட்டியாகத் தார். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினேன். தாருக்குக் கீழே ஒரு தகடு வந்தது. இன்னும் சுரண்டினேன். தகட்டில் வரிசை வரிசையாகச் சின்ன ஓட்டைகள். அது ஸ்டோர் என்று நாங்கள் சொல்கிற தொழிற்சாலையில் தேயிலைத் தூளைக் காயவைக்கிற மெசினின் தட்டு. உலகத்தில் எந்த வண்டிக் கம்பனியும் செசியில் தேயிலைத் தட்டை ஒட்டுவதில்லை. ஒட்டியவன் நான்.

நடந்தது இதுதான். அந்தக் காலத்துப் பெரிய தொரை, கொழும்பிலிருந்து வந்த விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு பட்டிப்பொலைப் பக்கம் போய், மூடுபனியில் பாலக் கட்டையில் மோதினார். செசியில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. மறுநாள் மறுநாள் என்று தள்ளி, தோட்டம் அந்த வண்டியை ஏலத்தில் விற்பதற்கு முந்தின நாள் கராஜுக்கு வந்தது. புதுச் செசி போட வேண்டும் என்றார் பியதாச பாஸ். தொரை அவரைத் தனியாகக் கூட்டிப் போய்ப் பேசினார். திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல், "கண்ணுக்கு மறைஞ்சாப் போதும்" என்றார். கிடந்த தட்டை வெட்டி வெல்டிங் வைத்து ஒட்டினேன், தார் பூசினேன். கையைத் துடைத்துக்கொண்டு, பழக்கத்தில் பின்னால் ஏறப் போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நகிபங் சொல்லவில்லை. அவருக்குக் கீழே வேலை செய்த அத்தனை வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் சொல்லவில்லை. எனக்கு அப்போதே விளங்கியது. விளங்காத மாதிரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தேன். மனுசனுக்கு வேலை முக்கியம், பிள்ளைகள் இரண்டும் சின்னது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போது பார்க்கிறேன், வெடிப்பு தகட்டைத் தாண்டி இரண்டு பக்கமும் நீண்டிருக்கிறது. பாரமில்லாத பாண் ஏற்றியதால் பிழைத்திருக்கிறது. இருபது மூட்டை கேரட்டோடு ஒரு மழை நாளில் வளைவு இறங்கினால் வண்டி இரண்டு துண்டு. உள்ளே சரோஜா இருப்பாள்.

வெளியே வந்தேன். "செசி வெடிச்சிருக்கு. வேணாம்" என்றேன்.

"இது கம்பனிக்காரன் வச்ச ஒட்டுங்க. தொரை வண்டியில கண்டவன் கை வைப்பானா?" என்றார் முதலாளி.

யோகநாதன் தலையை ஆட்டினான். "கம்பனி ஒட்டாம்ண்ணே."

ஒரு தட்டு பணிஸும் டீயும் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "கம்பனி இல்ல. நான் வச்ச ஒட்டு" என்றேன்.

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. இனி என்னை யாரும் வண்டி பார்க்கக் கூப்பிட மாட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது, அதை மறைப்பானேன். பிறகு யோகநாதன் பெரிய மூச்சு விட்டுச் சிரித்தான்.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதாண்ணே? நீங்க வச்ச ஒட்டுன்னா அப்பறம் என்ன பயம்?"

முதலாளி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அருளப்பன் பாஸ் கை பட்ட வண்டியா? தெரியாமப் போச்சே. தெரிஞ்சிருந்தா இந்த வெலயே சொல்லியிருக்க மாட்டேன்."

கேடு கெட்ட வேலை, தகரத்தை வைத்துத் தார் பூசினேன் என்று சொன்னேன். "பெரிய ஆளுங்க அப்பிடித்தான் தாழ்த்திப் பேசுவாங்க" என்றான் யோகநாதன். செசிக்கு ஓட்டைத் தட்டை ஒட்டியவன் மடையன் என்று சொன்னேன். முதலாளி இன்னொரு பணிஸை என் பக்கம் தள்ளினார். முப்பத்தெட்டு வருஷம் சேர்த்த நல்ல பெயர், அன்றைக்கு என் வாயைப் பொத்தியது. பொய்யை ஒரு தடவை தாராகப் பூசினேன், மலையே நம்பியது. உண்மையை மூன்று தடவை சொல்கிறேன், அண்ணனுக்குத் தன்னடக்கம் என்கிறான். செருப்பைக் கழற்றலாமா என்று வந்தது.

சரோஜா இவ்வளவு நேரமும் பணப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு டயர் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"அண்ணே" என்றாள். "ஒட்டுன அன்னைக்கு பியதாச பாஸ் ஒங்கள ஏறச் சொன்னாரா?"

கொழுந்து லொறிக்கு முன்னால் ஏறாமல் நின்ற நாற்பது பேரில் அவளும் ஒருத்தி. நான் அதை மறந்திருந்தேன்.

"இல்லம்மா" என்றேன்.

"சரி, இன்னைக்கு நான் சொல்றேன். பின்னால ஏறுங்க. முதலாளி ஓட்டட்டும், கீழ் வளைவு வரைக்கும் போய்ட்டு வாங்க."

முதலாளி சாவியை எடுத்துக்கொண்டு உற்சாகமாக ஏறி உட்கார்ந்தார். யோகநாதன் பின்கதவைத் திறந்துவிட்டு, "ஏறுங்கண்ணே, ஒரு நிமிசம்" என்றான். எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கால் அசையவில்லை.

சரோஜா என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாங்க அண்ணே, பஸ்ஸு வந்துரும்" என்று ரோட்டுப் பக்கம் நடந்தாள்.

நான் உடனே போகவில்லை. முதலாளியிடம் ஒரு சுத்தியல் கேட்டு வாங்கி, திரும்பவும் அடியில் படுத்தேன். மூன்று அடியில் தகடு கழன்று விழுந்தது. என்னய்யா செய்கிறாய், யார் வண்டியில் கை வைக்கிறாய் என்று அவர் சத்தம் போட்டார். "வண்டி ஒங்களுது. இது என்னுது" என்று தகட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வெடிப்பை அவரே குனிந்து பார்த்திருக்கிறார். பிற்பாடு வண்டி பழைய இரும்புக்குப் போனதாகக் கேள்வி. யோகநாதன் பஸ்ஸில் வரும் வழி முழுக்க, "தொரை வண்டிய விட்டுட்டமே" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

இரண்டு மாசம் கழித்துச் சரோஜாவுக்கு ஒரு வண்டி அமைந்தது. கந்தப்பளையில் மீன் விற்றவருடைய சின்னப் பிக்கப். பச்சை நிறம், நம்பரைக் கூட்டினால் எட்டு. எத்தனை தடவை கழுவினாலும் கெளவல்லா மீன் வாடை போகாது. ஆனால் செசி நேராக இருக்கிறது, மற்ற வண்டி குடிக்கிற டீசலில் பாதியில் ஹட்டன் போய் வருகிறது, சாமான் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. பிரேக் மட்டும் தேய்ந்திருந்தது. நான் மாற்றிக் கொடுத்தேன்.

முதல் சுமை ஏற்றிய காலையில் முப்பது வீட்டுச் சனமும் வாசலில் நின்றது. சரோஜா எலுமிச்சம் பழத்தை டயருக்குக் கீழே வைத்தாள். சூடம் காட்டினாள். டிரைவர் ஏறி உட்கார்ந்தான். நான் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தேன். வயது அறுபத்தெட்டு, முழங்காலில் வலி, வேலையும் முடிந்துவிட்டது.

"அண்ணே" என்று கூப்பிட்டாள்.

திரும்பினேன். ஒரு கையால் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

"நகிபங்" என்றாள்.

சனம் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. பிலோமினாவும் பார்த்தாள். லீக்ஸ் கட்டுக்கு மேலே ஏறி உட்கார்ந்தேன்.